குயெங்கோலா: மலைமேல் இருந்தது கோட்டையா, நகரமா? குகை எங்கே வந்தது?

2025 ஜனவரியில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. தென் மெக்சிகோவில் காடு மூடிய ஒரு மலையில், அந்த மண்ணின் பழங்குடிகளான சபோடெக்குகளின் 600 ஆண்டுப் பழைய நகரம் ஒன்றை, விமானத்திலிருந்து லேசர் வீசிக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. பல தலைப்புகளில் "தொலைந்த நகரம்" என்றே போட்டிருந்தார்கள். கொஞ்சம் கூர்ந்து படித்தவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. குயெங்கோலா என்கிற அந்த இடத்தைப் பற்றி 1674-லேயே ஒரு பாதிரியார் எழுதியிருக்கிறார், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதுவார்ட் செலர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அதன் இடிபாடுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார், 1974-ல் முறையான தொல்லியல் அறிக்கையும் வந்துவிட்டது. அப்புறம் என்னத்தைக் கண்டுபிடித்தார்கள்? ஒரு செய்தி கோட்டை என்கிறது, இன்னொன்று நகரம் என்கிறது. சபோடெக்குகள் என்றாலே கூடவே வரும் குகை, பலி, மழைத் தெய்வம் எல்லாம் இதில் எங்கே பொருந்துகின்றன?

அடிப்படையிலிருந்து போவோம்.

## சபோடெக்குகள் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள்

சபோடெக்குகளின் மூல இடம் தென் மெக்சிகோவின் வஹாகா பள்ளத்தாக்கு. கி.மு. 500 வாக்கில் அங்கே ஒரு மலையுச்சியைச் சமப்படுத்தி மொன்டே அல்பான் என்ற தலைநகரை எழுப்பினார்கள். அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றது. கி.பி. 800-ஐ ஒட்டி அதன் அதிகாரம் சரிந்தபின் பள்ளத்தாக்கு பல சிற்றரசுகளாக உடைந்தது. அவற்றில் கடைசியில் மேலோங்கியது சாச்சிலா என்ற அரசு. பக்கத்து மிஷ்டெக் மக்களோடு ஒருநாள் சண்டை, மறுநாள் திருமண உறவு என்று அதன் வரலாறு போகிறது.

இந்தச் சாச்சிலா அரச குலத்தின் கிளைகள் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் தென்கிழக்கே நகர்ந்து, பசிபிக் கரையோரத் தெவாந்தெபெக் சமவெளியைப் பிடித்தன. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். சோக்கே மக்கள் கிழக்கே தள்ளப்பட்டார்கள். இகூட்ஸ் மக்கள், அதாவது ஸ்பானியர் வாவே என்று அழைத்தவர்கள், கடற்கரைக் காயல்களின் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். இன்றும் அந்த மக்கள் அந்தக் காயல்களை நம்பித்தான் மீன் பிடித்து வாழ்கிறார்கள்.

ஆக குயெங்கோலாவைக் கட்டியவர்கள் அந்த மண்ணுக்குப் புதிதாக வந்தவர்கள். சொந்தப் பள்ளத்தாக்கில் பாதுகாப்பாக உட்கார்ந்து கட்டிய ஊர் இல்லை இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் பல விஷயங்கள் தானாகப் புரியும்.

## எல்லை என்றால் கோடு இல்லை, வாசல்

இன்றைய வரைபடத்தில் இருப்பதுபோல நாடுகளுக்கு நடுவே இழுத்த கோடு அந்தக் காலத்து நடு அமெரிக்காவில் கிடையாது. எந்த மலைக் கணவாயை, எந்த ஆற்றுத் துறையை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் தெவாந்தெபெக் சாதாரண வாசல் இல்லை. மெக்சிகோ வளைகுடாவுக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே நிலம் சுமார் 200 கி.மீ. அகலமாகக் குறுகும் இடம் அது. மலைத்தொடர்களும் அங்கே தாழ்ந்துவிடுகின்றன.

அந்த வழியாகப் போனவை என்னென்ன?

1. கிழக்கே குவாத்தமாலா எல்லையோரச் சோகோனுஸ்கோவிலிருந்து வந்த கொக்கோ விதை. மத்திய மெக்சிகோவில் பேரரசு நடத்திய அஸ்டெக்குகளின் சந்தைகளில் அது பானமும்தான், காசும்தான்.
2. கெட்சால் பறவையின் நீண்ட பச்சை இறகுகள், ஜாகுவார் தோல், அம்பர் என்ற உறைந்த மரப்பிசின் மணி. அரசர்களும் பூசாரிகளும் இவை இல்லாமல் சபையில் உட்கார மாட்டார்கள்.
3. காயல்களின் உப்பு, கருவாடு, உலர்ந்த இறால். பேசும்போது பகட்டுப் பொருள்களே முன்னால் வரும், ஆனால் உள்நாட்டு வயிறுகளுக்கு உப்புதான் முக்கியம்.

குயெங்கோலா மலை இந்த வாசலின் மேற்குத் தூண் மாதிரி நிற்கிறது. தெவாந்தெபெக் ஊருக்கு வடமேற்கே, தெவாந்தெபெக் ஆறு மலைகளை விட்டுச் சமவெளிக்குள் இறங்கும் பக்கத்தில். வஹாகா பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வரும் பாதை அதன் காலடியில்தான் போகிறது. இன்றைய பான் அமெரிக்க நெடுஞ்சாலையும் கிட்டத்தட்ட அதே வழியைத்தான் பிடித்திருக்கிறது. மேலிருந்து பார்ப்பவனுக்குக் கீழே யார் வருகிறார்கள், எத்தனை பேர், சுமையோடு வருகிறார்களா ஆயுதத்தோடு வருகிறார்களா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். கீழிருந்து ஏறுபவனுக்கோ முள்ளும் பாறையும் வெயிலும்தான். வறண்ட இலையுதிர்காடு அது. கோடையில் மரங்கள் மொட்டையாக நிற்கும், நிழலே இருக்காது.

## மலைமேல் என்ன இருக்கிறது

உச்சியில் இல்லை, உச்சிக்குக் கீழே ஒரு மேட்டுச் சமதளத்தில்தான் மையம் இருக்கிறது. திறந்த முற்றம், அதன் கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றையொன்று பார்க்கும் பிரமிடு மேடைகள், பக்கத்தில் ஒரு பந்தாட்டக் களம். பந்தாட்டக் களம் என்றால் விளையாட்டு மைதானம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து ஆடும் அந்த ஆட்டம் சடங்கும்கூட, குலங்களுக்கு இடையே வழக்குத் தீர்க்கும் களமும்கூட. சற்றுத் தள்ளி, சரிவின் விளிம்பில் அறைகளும் உள்முற்றங்களுமாக அரண்மனை. உடைத்த கல் பலகைகளை அடுக்கி மேலே சுண்ணச்சாந்து பூசிக் கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவுதான் முன்பே தெரிந்தது. இதோடு மலைச்சரிவில் ஓடும் மதில்களையும் சேர்த்துப் பார்த்தவர்கள், "அரசனும் வீரர்களும் போர்க்காலத்தில் ஏறி ஒதுங்கிக்கொண்ட கோட்டை" என்று முடிவு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; மிச்சமெல்லாம் காட்டுக்குள் இருந்தது.

இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர் பெட்ரோ கியெர்மோ ரமோன் செலிஸ் வெளியிட்டிருக்கும் வரைபடம் வேறு கதை சொல்கிறது. அவருடைய தாய்வழிக் குடும்பமே தெவாந்தெபெக் வட்டாரம். சின்ன வயதிலிருந்தே இந்த இடத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். "தொலைந்த நகரம்" என்று எழுதியவர்கள் இதையாவது படித்திருக்கலாம். வரைபடத்தின் சாரம் இது:

1. பரப்பு 360 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 890 ஏக்கர்.
2. 1,100-க்கும் மேற்பட்ட கட்டடங்கள்.
3. சுமார் 4 கி.மீ. நீளத்துக்கு மதில்கள்.
4. உள்ளே தெருக்களின் வலைப்பின்னல், கோயில்கள், பந்தாட்டக் களங்கள். மேல்தட்டு வீடுகள் ஒரு பக்கம், சாதாரண மக்களின் குடியிருப்புகள் இன்னொரு பக்கம் என்று பிரிந்த பேட்டைகள்.

ஒரு படை சில மாதம் தங்கிவிட்டுப் போக இத்தனை தெருவும் இத்தனை வீடும் யாரும் கட்ட மாட்டார்கள். ஏறக்குறைய 1350 முதல் 1500 வரை இங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருக்கிறார்கள். கோட்டை என்பது பொய்யில்லை, ஆனால் அது பாதிதான்: மதில் போட்ட எல்லை நகரம் என்பதே சரியான பெயர்.

## லைடார்: எது தெரியும், எது தெரியாது

லைடார் என்பது விமானத்திலிருந்து நொடிக்கு லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, அவை திரும்பி வர எடுக்கும் நேரத்தை அளப்பது. மரத்தடியில் நின்றால் இலைகளின் சந்து வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுமே, அதே சந்துகள் வழியாகத்தான் லேசரும் இறங்குகிறது. பெரும்பாலானவை இலையிலும் கிளையிலும் பட்டுத் திரும்பிவிடும், கொஞ்சம்தான் மண்ணைத் தொடும். கணினி அந்தக் கொஞ்சத்தை மட்டும் பிரித்தெடுத்து, காட்டை உரித்துவிட்டு, தரையின் மேடுபள்ளத்தை வரைந்து கொடுக்கிறது. இடிந்த சுவர் நேர்கோடாகத் தெரியும், மேடை கட்டமாகத் தெரியும், தெரு பள்ளமாகத் தெரியும்.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லேசர் வரைபட மையத்தின் கருவியோடு 2022-ல் விமானம் பறந்தது. நடந்து தேடினால் ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்ததாக ரமோன் செலிஸ் சொல்கிறார். அது பறக்கும் நேரம் மட்டும். வந்த தரவைப் பிரித்து, கட்டடம் கட்டடமாக அடையாளம் கண்டு, காட்டுக்குள் போய்ச் சரிபார்க்கிற உழைப்பு அதற்கு அப்புறம்.

லைடார் சொல்லாத மூன்று விஷயங்களும் உண்டு. இந்த மாதிரிச் செய்திகள் வரும்போதெல்லாம் இவை விட்டுப்போகின்றன.

1. காலம். ஒரு சுவர் 1360-ல் கட்டியதா 1490-ல் கட்டியதா என்று லேசருக்குத் தெரியாது. அதற்குப் பானை ஓடும் கரித்துண்டும் வேண்டும்.
2. பயன். மேடு தெரியும். அது வீடா, களஞ்சியமா, கோயிலா என்பது வடிவத்தையும் அமைந்த இடத்தையும் வைத்துச் செய்யும் ஊகம். தோண்டும் வரை அது ஊகமாகவே இருக்கும்.
3. குகை. மேலிருந்து நேராக இறங்கும் கதிர், பாறைச் சரிவின் பக்கவாட்டில் திறக்கும் வாய்க்குள் போகாது. வாசல் தெரிந்தாலே அதிர்ஷ்டம், உள்ளே என்ன இருக்கிறது என்பது நடந்து போகிற மனிதனுக்குத்தான் தெரியும்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. ஏன் என்பது குகைப் பகுதியில் வரும். அதற்கு முன் முற்றுகையைப் பார்த்துவிடுவோம்.

## ஏழு மாத முற்றுகை: யார் ஜெயித்தது?

குயெங்கோலா பிரபலமானதே ஒரு போரால். சாச்சிலா மன்னன் கொசிஹோயெசா ஒரு பக்கம், 1486 முதல் 1502 வரை ஆண்ட அஸ்டெக் பேரரசன் அவிட்சோட்ல் இன்னொரு பக்கம். சோகோனுஸ்கோவுக்கு வழி வேண்டும் என்று அஸ்டெக்குகள் படையெடுத்தார்கள்; 1497-ஐ ஒட்டி, குயெங்கோலா ஏழு மாதம் முற்றுகையில் நின்றது. விழவில்லை. கடைசியில் அவிட்சோட்ல் தன் மகள் கொயோலிகாட்சினைக் கொசிஹோயெசாவுக்குக் கட்டிக்கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும் கதை இதுதான்.

இதை நமக்குச் சொல்பவர் பிரான்சிஸ்கோ தெ புர்கோவா, வஹாகாவிலேயே பிறந்த தோமினிக்கன் சபைத் துறவி. அவருடைய நூல் வந்தது 1674-ல், அதாவது போர் முடிந்து ஏறக்குறைய 175 ஆண்டு கழித்து. அவர் எழுதுவதில் நம்பத்தக்கதும் இருக்கிறது, கதைகட்டலும் இருக்கிறது. மலைமேல் தண்ணீர் தேக்கி உணவு சேர்த்து வைத்தார்கள், மிஷ்டெக்குகள் துணைக்கு வந்தார்கள், நஞ்சு தோய்த்த அம்பு எய்தார்கள் என்பதெல்லாம் நடந்திருக்கக்கூடியவை. கொன்ற எதிரிகளின் சதையை உப்புக்கண்டம் போட்டுச் சாப்பிட்டார்கள் என்பதைக் கொஞ்சம் தள்ளியே வைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பாதிரியார்களுக்கு இந்த மாதிரி விவரங்களில் ஒரு தனி ருசி. குளித்துக்கொண்டிருந்த மன்னன் முன் இளவரசி மாயமாகத் தோன்றிக் காதல் சொன்னாள் என்பது முழுக்க நாட்டார் கதை. பிறகு அதே இளவரசியை வைத்துக் கோட்டையின் ரகசியத்தையும் அம்பு நஞ்சின் ரகசியத்தையும் அறிய அஸ்டெக்குகள் முயன்றதாகவும், அவள் அப்பா பக்கம் போகாமல் கணவனிடம் சொல்லிவிட்டதாகவும் ஒரு பின்கதை இருக்கிறது.

சரி, மற்ற சான்றுகள் என்ன சொல்கின்றன?

1. ஸ்பானியர் ஆட்சியின் தொடக்கத்தில் வரைந்த மெண்டோசா சுவடி அஸ்டெக் தரப்பு ஆவணம். அது அவிட்சோட்ல் வென்ற ஊர்களின் பட்டியலில் தெவாந்தெபெக்கையும் சேர்த்திருக்கிறது.
2. அதே சுவடியில் கப்பம் கட்டிய மாகாணங்களுக்கான தனிப் பகுதி உண்டு. அதில் சோகோனுஸ்கோ இருக்கிறது, தெவாந்தெபெக் இல்லை.
3. பாதிரியார் சகாகூன் தொகுத்த புளோரன்ஸ் சுவடி, போச்டெகா என்ற அஸ்டெக் தொலைதூர வணிகர்களின் கதையைச் சொல்கிறது. அவிட்சோட்ல் காலத்தில் தெவாந்தெபெக்கும் பக்கத்து ஊர்களும் சேர்ந்து அவர்களை நான்கு ஆண்டு வளைத்துக்கொண்டன, கடைசியில் வணிகர்களே சண்டை போட்டு ஜெயித்தார்கள் என்கிறது அது.
4. 1540-ல் வரைந்த கெவேயா சித்திரத்துணி என்ற சபோடெக் ஆவணம் சாச்சிலா, தெவாந்தெபெக் அரசர்களை வரிசையாக உட்கார வைத்திருக்கிறது. கொசிஹோயெசா இருக்கிறான், அவன் மகன் கொசிஹோப்பி இருக்கிறான். வம்சம் அறுபடவில்லை.

இரண்டு தரப்பும் "நாங்கள்தான் ஜெயித்தோம்" என்று எழுதிவைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால் முடிச்சை அவிழ்ப்பது இரண்டாவது சான்றுதான். வென்ற ஊர் என்று பெருமைப் பட்டியலில் பேர் இருக்கிறது, வசூல் பட்டியலில் இல்லை. அஸ்டெக்குகளுக்கு வேண்டியது கொக்கோவுக்குப் போகும் வழி, அது கிடைத்தது. சபோடெக்குகளுக்கு வேண்டியது நிலமும் அரியணையும், அது அவர்களிடமே இருந்தது. நடுவில் ஒரு கல்யாணம். கோட்டையின் வேலை எதிரியை அழிப்பதாக இருந்திருக்காது. பேச்சுவார்த்தைக்கு உட்கார வைக்கும் அளவுக்கு அவன் செலவை ஏற்றிவிடுவதுதான். அந்த வேலையைக் குயெங்கோலா செய்துவிட்டது.

செய்து முடித்ததும் அதன் தேவையும் தீர்ந்தது. ஸ்பானியர் வருவதற்குச் சற்று முன்பே மக்கள் இறங்கி, சமவெளியில் ஆற்றங்கரைத் தெவாந்தெபெக்குக்குப் போய்விட்டார்கள். ஸ்பானியர் இடித்துக் கட்டிய வஹாகா ஊர்களில் அடியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்வது கஷ்டம். இங்கே காலி செய்துவிட்டுப் போன சபோடெக் நகரம் தெருத் தெருவாக அப்படியே கிடக்கிறது. ஆய்வாளர்கள் இவ்வளவு உற்சாகமாக இருப்பது இதற்காகத்தான்.

## குகைகள்: மதில் செய்யாத காவல்

சபோடெக் சமயத்தில் மலை என்பது வெறும் பாறை இல்லை. உள்ளே நீரும் காற்றும் மேகமும் அடைந்து கிடக்கும் உயிருள்ள கூடு. குகை அதன் வாய். இடிக்கும் மின்னலுக்கும் மழைக்கும் உரிய தெய்வம் கொசிஹோ. கொசிஹோயெசா, கொசிஹோப்பி இரண்டு பேரும் அந்தத் தெய்வத்தின் பெயரைச் சுமந்தவர்கள்தான். பாதாளத்துக்கு உரியவர் பெசெலாவோ. மழை கேட்க வேண்டுமா, இறந்த முன்னோரிடம் யோசனை கேட்க வேண்டுமா, போருக்கு முன் குறி பார்க்க வேண்டுமா, போகும் இடம் குகைதான். கோபால் என்ற மரப்பிசினைத் தூபம் போடுவார்கள், வான்கோழியும் காடையும் அறுப்பார்கள், தங்கள் காதிலும் நாக்கிலும் கீறி ரத்தம் சொட்ட விடுவார்கள்.

இந்த வட்டாரத்தில் பேசத்தக்க குகைகள் மூன்று.

மித்லா. வஹாகா பள்ளத்தாக்கின் கிழக்கு முனையில் இருக்கும் பெரும் சமயத் தலம். மன்னர்களும் போரில் இறந்த பெரிய வீரர்களும் அங்கே நிலத்தடி அறைகளில் புதைக்கப்பட்டார்கள், அங்கிருந்து பாதாளத்துக்கு வழி போகிறது என்கிறார் புர்கோவா. துறவிகள் தீவட்டியோடு இறங்கினார்களாம், உள்ளிருந்து குளிர்காற்று வீசித் தீ அணைந்துபோக, பயந்து வெளியே வந்து வாசலை அடைத்துவிட்டார்களாம். 2022-ல் தரையை ஊடுருவும் ரேடார் போன்ற கருவிகளோடு மித்லா தேவாலயத்தைச் சுற்றி ஆய்வு நடந்தபோது, அதன் அடியில் வெற்றிடங்கள் இருப்பதற்கான சுவடுகள் பதிவாயின. புர்கோவா சொன்ன பாதாளம் அதுதானா என்பது தோண்டினால்தான் உறுதியாகும்.

பாக்குவானா. தெவாந்தெபெக் சமவெளியில், இஷ்டால்தெபெக் ஊர்ப் பக்கம் இருக்கும் பாறைக் குடைவு. சுவரில் சிவப்பு வண்ணத்தில் ஓவியங்கள், சபோடெக்குகள் இந்தச் சமவெளிக்கு வந்த பிந்திய காலத்தைச் சேர்ந்தவை. அவர்கள் குகை வழிபாட்டைத் தங்களோடு எடுத்து வந்து புது மண்ணில் பதித்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம்.

காயல் தீவுக் குகை. இதுதான் முக்கியம். சான் தியோனிசியோ என்ற ஊரை ஒட்டிய காயலில் ஒரு தீவு, அதில் ஒரு பெரிய குகை, அதில் "ராஜ்ஜியத்தின் இதயம்" என்று வணங்கப்பட்ட தெய்வம். பிற்காலத்தில் துறவிகள் படகில் போய் உள்ளே நுழைந்து பார்த்ததைப் புர்கோவா எழுதியிருக்கிறார்: சதுரமான பெரிய கூடம், தூசியில்லாமல் பெருக்கி வைத்த தரை, பக்கங்களில் பலிமேடை போன்ற திண்ணைகள், அவற்றின் மேல் தூபக்கால்களும் நிறமான இறகுகளும் பொன் தகடுகளும் பொன் மாலைகளும், பலவற்றின் மீது அப்போதுதான் தெளித்த ரத்தம். கைவிட்ட பாழ்க்குகை அப்படி இருக்காது. வாரம் தவறாமல் யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

இந்தக் குகை இருப்பது இகூட்ஸ் மக்களின் காயலில், சபோடெக்குகள் யாரைத் தள்ளிவிட்டு நிலத்தைப் பிடித்தார்களோ அவர்களுடைய தண்ணீரில். நான் இதைப் படிக்கிற விதம் இது: புதிதாக வந்தவனுக்கு மதில் இருந்தால் பக்கத்து அரசனைத் தடுக்கலாம், மழையை வரவழைக்க முடியாது. வயல் விளைய வேண்டுமானால் அந்த மண்ணின் தெய்வத்திடம் போய்த்தான் ஆக வேண்டும், அந்தத் தெய்வம் ஏற்கெனவே ஒரு குகையில் குடியிருக்கிறது. சபோடெக் அரசன் படகேறி அங்கே போய்க் கும்பிட்டால், நிலம் தன்னை ஏற்றுக்கொண்டது என்று எல்லாருக்கும் காட்டியது போலவும் ஆகிறது. எல்லையைப் பிடிக்கக் கோட்டை, பிடித்ததை வைத்துக்கொள்ளக் குகை. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பின்னால் நடந்தது இதோடு ஒத்துப்போகிறது.

## கோட்டை ஓய்ந்தபின் குகை

கொசிஹோயெசாவுக்கும் அஸ்டெக் இளவரசிக்கும் பிறந்தவன் கொசிஹோப்பி. 1518-ல் இளைஞனாகவே தெவாந்தெபெக்கின் ஆட்சிக்கு வந்தான். மூன்று ஆண்டில் அஸ்டெக் தலைநகரம் ஸ்பானியரிடம் விழுந்தது. எங்கிருந்தோ வந்திறங்கிய இவர்கள் யார் என்று கேட்க அவன் அந்தத் தீவுக் குகைக்குப் போனான், உங்கள் ஆட்சிக்கு முடிவு வந்துவிட்டது என்று பதில் கிடைத்தது என்கிறார் புர்கோவா. நடந்து முடிந்ததை முன்கூட்டியே குறி சொன்னதாக எழுதுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான், அதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது அவன் எங்கே போகவில்லை என்பது. குயெங்கோலாவுக்கு ஏறி மதிலைச் செப்பனிட்டு உட்காரவில்லை. சண்டை போடாமல் ஸ்பானியரோடு சமாதானமாகப் போனான்.

ஞானஸ்நானம் பெற்று தோன் ஹுவான் கொர்தெஸ் ஆனான். தோமினிக்கன் சபைக்குத் தெவாந்தெபெக்கில் மடாலயம் கட்டத் தன் செல்வத்தையே கொடுத்தான். வெளியே பார்த்தால் முழுக் கிறிஸ்தவன். பல ஆண்டு கழித்து, மித்லாவிலிருந்து வந்த பழைய பூசாரிகளை வீட்டில் ரகசியமாக வைத்துப் பூசை நடத்துகிறான் என்று புகார் கிளம்பியது. இரவில் ஆள் வைத்து வேவு பார்த்து, சடங்கின் நடுவே பிடித்தார்கள். அவன் காசில் எழும்பிய மடாலயத்திலேயே அவனை அடைத்து வைத்ததாகப் புர்கோவா சொல்கிறார். மேல்முறையீட்டுக்கு மெக்சிகோ நகரம் வரை போய், பதவியும் சொத்தும் பறிபோய், ஊர் திரும்பும் வழியில் நெஹாப்பா என்ற ஊரில் இறந்தான். 1560-களின் தொடக்கம் அது.

இங்கேயும் நம் ஒரே விரிவான சாட்சி புர்கோவாதான், அவர் எதிர்த்தரப்பு ஆள் என்பதை மறக்கக் கூடாது. அந்த அரச குடும்பத்திடம் உப்பளமும் நிலமும் நிறைய இருந்தன. உருவ வழிபாட்டுக் குற்றச்சாட்டு அவற்றைப் பறிக்க வசதியான கருவி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பூசை நடந்ததும் உண்மை, அதைப் பிடித்தவர்களுக்கு வேறு கண் இருந்ததும் உண்மை.

மித்லா வட்டாரக் குகைகளில் இன்றும் மெழுகுவத்தியும் பூவும் வைக்கிறார்கள், கோழி அறுக்கிறார்கள். இகூட்ஸ் மக்கள் காயல் தீவு மலைக்கு மழை கேட்டுப் போகிறார்கள். குயெங்கோலாவில் அடுத்து என்ன வரும் என்று கேட்டால், 1,100 கட்டடங்களில் எதைத் தோண்டுவது என்று வரைபடம் கைகாட்டிவிடும். பேட்டைக்கு ஒரு வீடு தோண்டினாலே யார் என்ன சாப்பிட்டார்கள், எந்தப் பானை எங்கிருந்து வந்தது என்று தெரிய ஆரம்பிக்கும். சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் விமானம் உதவாது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வழியைக் கேட்டு, ஏறித்தான் பார்க்க வேண்டும்.